எரியும் சக்கரத்தைச் சின்னமாக வைத்திருக்கும் ஊர்: எங்கள் தோட்டத்துச் சின்னத்தில் தீயை வைக்கலாமா?

சுங்கை சிப்புட் தையல்கடை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருப்பவள். கடையில் பூத்தையல் எந்திரம் இருப்பதால் பள்ளிச் சின்னம், கோயில் திருவிழாச் சட்டை, கால்பந்துக் குழுவின் ஜெர்சி என்று பல சின்னங்கள் என் கையைக் கடந்து போயிருக்கின்றன. இந்தத் தடவை தைக்கப்போவது நான் பிறந்த தோட்டத்துக்கான சின்னம். அதனால்தான் இங்கே யோசனை கேட்கிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அம்மா அங்கே பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். அப்பா ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில் இருந்தார். முதலில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அப்புறம் நிலம் கைமாறியது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். மிச்சம் நிற்பது முனியாண்டி கோயிலும் அதன் முன்னால் உள்ள அரசமரமும்தான். குடும்பங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிதறிவிட்டன. வருகிற பள்ளி விடுமுறையில் எல்லாரும் ஒன்றுகூடுகிறோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, மார்புப் பக்கம் ஒரு சின்னம். இவ்வளவுதான் திட்டம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். கோயில், பால்மரம், வெட்டுக்கத்தி, பால் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, தமிழ்ப்பள்ளிக் கட்டடம், செம்பனைக் குலை, பந்து, கீழே தோட்டத்தின் பெயர் மூன்று மொழிகளில். யார் கேட்பதையும் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் சட்டைப் பை அளவு இடத்துக்குள் கோபுரத்தையும் பள்ளியையும் நூலில் கொண்டுவந்தால் இரண்டும் கலந்து ஒரே முடிச்சாகத் தெரியும். எழுத்து அதைவிட மோசம். துவைத்துப் போட்டால் படிக்கவே முடியாது.

இதற்கிடையில் என் தம்பி மகள் ஒரு படம் அனுப்பினாள். அவள் ஃபின்லாந்தில் லாஹ்தி என்ற நகரத்தில் படிக்கிறாள். அந்த நகரத்தின் கேடயச் சின்னத்தில் ஒரு ரயில் சக்கரம் இருக்கிறது, அது எரிகிறது. ஊர்ப் பெயர் இல்லை, வருடம் இல்லை, வேறு எதுவுமே இல்லை. பார்த்ததும் எனக்குக் கைவேலையை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பேசத் தோன்றியது.

அவள் விசாரித்துச் சொன்ன கதை இது. லாஹ்தி முன்பு ஹொல்லோலா என்ற பெரிய ஊரைச் சேர்ந்த சின்னக் கிராமம். 1870-இல் ரீஹிமாக்கியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகும் ரயில் பாதை அந்த வழியாக முடிந்தது. அடுத்த ஆண்டே பக்கத்தில் வாக்ஸி கால்வாயும் திறந்ததால், ஏரி வழியாக வரும் சரக்கெல்லாம் அங்கே ரயில் ஏறியது. கிராமம் மளமளவென்று வளர்ந்தது. 1877 ஜூன் 19-ஆம் தேதி தீப்பிடித்து ஏறக்குறைய ஊர் முழுவதும் எரிந்துபோனது. எரிந்த இடத்திலேயே மறு ஆண்டு நேர் நேரான அகலத் தெருக்களோடு புதிதாக ஊர் அமைத்தார்கள். 1905-இல் அது நகரமானது. வாழவைத்த ரயிலையும் அழித்த தீயையும் சேர்த்துத்தான் கேடயத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த 1877 எனக்கு வேறு விதத்தில் தெரிந்த வருடம். நம் கோலகங்சாரில் முதல் கித்தா கன்றுகளை நட்டதும் 1877-இல்தான். அந்த நாளைய மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதைத் தொட்டுப் பார்க்காத பேராக் பிள்ளை குறைவு.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்திலும் ஒரு தீ உண்டு. மேட்டு லயம் பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்டது. ஒரு சம்பள நாள் சாயங்காலம் மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்து பிடித்து, வரிசை முழுவதும் எரிந்தது. ஒரு பாட்டி தப்ப முடியவில்லை. மற்றக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தன, கீழ் லயத்து வீடுகளில் அடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டன. நிர்வாகம் கல் வீடு கட்டிக்கொடுக்க வெகுகாலம் இழுத்தது. கட்டியபோது யார் யார் எந்த வீடு என்று கலந்துபோட்டார்கள். அதுவரை மேட்டு லயமும் கீழ் லயமும் திருவிழாவில்கூடத் தனித்தனியாகத்தான் நிற்கும். எங்களை ஒரே தோட்டமாக ஆக்கியது அந்தத் தீதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே சின்னத்தில் தீ வேண்டும் என்கிறேன். ஏற்பாட்டுக் குழுவில் பெரியவர்கள், 'மங்களகரமான காரியம், சட்டையில் தீயை வைப்பதா?' என்கிறார்கள். அவர்கள் பேச்சையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர்ச் சின்னங்களை எப்படி யோசித்து அமைக்கிறார்கள்? அங்கே இருப்பவர்களோ சின்னம் வரையும் பழக்கம் உள்ளவர்களோ சொல்லுங்கள்.

---

தம்பெரெவில் ஒரு பேராக்காரன்:

அக்கா, வணக்கம். என் ஊர் பீடோர், வேலை இங்கே ஃபின்லாந்தில், தம்பெரெ நகரத்தில். ஊர் ஊராகப் போய் இந்தக் கேடயங்களைப் பார்ப்பதில் எனக்குத் தனிப் பிரியம், கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

இங்கே பழைய நகரங்களின் சின்னங்கள் அவற்றின் முத்திரைகளிலிருந்து வந்தவை. தலைநகர் ஹெல்சிங்கிக்கு அலை மேல் ஒரு பொன் படகு, துர்க்குவுக்கு கோத்திக் முறையில் எழுதிய ஒரு எழுத்தும் லில்லிப் பூக்களும். ஆனால் சின்னஞ்சிறு கிராம ஊராட்சிகளுக்குச் சின்னம் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1949-இல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லா ஊர்களும் தங்களுக்கென ஒன்றை வரையவைத்து, உள்துறை அமைச்சில் உறுதிப்படுத்திக்கொண்டன.

ஒரே காலத்தில் ஒரு சில கைதேர்ந்த ஓவியர்கள் வரைந்ததால் எல்லாவற்றிலும் ஒரு கட்டுப்பாடு தெரியும். பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வராது, நிறத்தின் மேல் நிறம் வராது. பொன் என்றால் மஞ்சள், வெள்ளி என்றால் வெள்ளை என்றே போட்டுக்கொள்ளலாம். இந்த விதி அழகுக்காக வந்ததல்ல. தூரத்திலிருந்து பார்த்தாலும் உருவம் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. நீங்கள் நூலில் படும் கஷ்டத்துக்கும் இதுவே மருந்து. கேடயத்துக்குள் ஊர்ப் பெயர் எழுதுவதும் கிடையாது. சின்னம்தானே ஊர், அதற்குள் இன்னொரு தடவை பெயர் எதற்கு?

ஒரு ஊர் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் சொல்லப் பார்ப்பதில்லை. வடக்கே இனாரிக்குப் பிழைப்பு இரண்டு: ஏரி மீனும் கலைமான் மேய்ப்பும். மீன் ஒரு பக்கம், மான் ஒரு பக்கம் என்று அவர்கள் வரையவில்லை. மீனின் தலையில் மான்கொம்பை வைத்துவிட்டார்கள். முதலில் பார்க்கும்போது திகைப்பாக இருக்கும், அப்புறம் மறக்கவே முடியாது. கெரவா தச்சுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே மேசையோ நாற்காலியோ வரையவில்லை, இரண்டு பலகையைக் கோத்துச் சேர்க்கும் தச்சுப் பொருத்து மட்டும். எனொந்தெகியோவுக்கு ஒரு வெள்ளைப் பனிக்கோழி போதும்.

லாஹ்தியும் அப்படித்தான். ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் தீ என்று வைத்திருந்தால் அது வெறும் பட்டியல். சக்கரமே எரிகிறது என்பதால்தான் உங்களுக்குக் கைவேலை ஓடவில்லை. நீங்களும் தீயைத் தனியாக வைக்க வேண்டாம், எது எரிகிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று. இது உங்களுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் என்று நினைக்கிறேன். அந்தப் போரில், ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதியாக இருந்த கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய்விட்டது. அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஃபின்லாந்தின் மற்றப் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்களுடைய ஊராட்சிகள் கலைந்துபோயின. ஆனாலும் சிதறிய மக்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்துக்கொண்டு, இழந்த ஊர்களுக்கும் கேடயச் சின்னம் வரையவைத்தார்கள். அவற்றில் பல, ஊர் கையைவிட்டுப் போன பிறகு பிறந்த சின்னங்கள். ஒன்றுகூடல்களில் அந்தக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இல்லாத ஊருக்கு எதற்குச் சின்னம் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

குஸ்தாஃப் ஃபோன் நூமர்ஸ் என்று ஒரு ஓவியர் இருந்தார், 1978-இல் காலமானார். கேடயத்தை இரண்டாகப் பிரிக்கும் கோட்டையே அவர் பேசவைத்தார். ஊசியிலைக் காடுள்ள ஊருக்குத் தனியாக மரம் வரையாமல், அந்தக் கோட்டின் விளிம்பையே ஃபிர் மரக் கிளைபோல் வெட்டிவிட்டார். நாட்டின் சாயல் கோட்டிலேயே வந்துவிட்டது. நம்மூரில் கோட்டாகக் கிடைப்பது எது என்று எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. மற்றவர்கள் சொல்லட்டும்.

---

தைப்பிங் பலகை எழுதுபவர்:

தங்கச்சி, நான் கடைப் பலகை எழுதியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவன். இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டது, ஆனாலும் கோயிலுக்கும் பள்ளிக்கும் கூப்பிடுகிறார்கள். தம்பெரெத் தம்பி கேட்டதற்குப் பதில் என் கண்முன்னாலேயே இருக்கிறது: பால்மரத்தில் வெட்டுக்கோடு.

இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் சாய்வுக் கோடு. அது சும்மா வைத்த சாய்வு இல்லை. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாகப் போகாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். உங்கள் அம்மா இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் கை அந்தச் சாய்வை அறிந்திருக்கும். ஒரு தோட்டத்து ஆளுக்கு அந்தக் கோட்டைக் காட்டினால் மரம், கத்தி, மங்கு எதையும் வரைய வேண்டாம், தானாகத் தெரியும்.

பயிரைச் சின்னத்தில் வைப்பது நம் நாட்டுக்கும் புதிதில்லை. ஜொகூர் அரசுச் சின்னத்தில் மிளகும் கம்பீர் என்ற செடியும் இருக்கின்றன, அந்த மாநிலம் அந்தக் காலத்தில் அவற்றை விளைவித்துத்தான் எழுந்தது. நாட்டுச் சின்னத்தில் மலாக்காவுக்கு நிற்பது மலாக்கா மரம், அது நம் நெல்லிமரம்தான். பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் நான்கும் அதே கேடயத்தில் வெறும் நிறங்களாகவே நிற்கின்றன: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள். நான்கு நிறங்களே நான்கு மாநிலங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன என்றால் உங்கள் தோட்டத்தைச் சொல்ல எத்தனை பொருள் வேண்டும்?

தீ அபசகுனம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருவிழாவில் விரதம் இருந்து பூக்குழி இறங்குகிற சனம் நாம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் விளக்கைத்தான் ஏற்றுகிறோம். ஆனாலும் ஒரு உயிர் போன தீ வேறு. அந்தக் குடும்பம் என்ன சொல்கிறது? என் வாயிலிருந்தோ உங்கள் வாயிலிருந்தோ வரும் பதில் அங்கே செல்லாது.

---

கிள்ளான் பேத்தி:

அக்கா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் எழுதிய பாட்டி என் அம்மாவைப் பெற்றவர். புலனக் குழுவில் நானும் இருக்கிறேன், அங்கே பேசுவதில்லை.

குழுவில் பெரியவர்கள் தீ வேண்டாம் என்று சொல்வது எங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பலன் என்ன என்றால், ஒன்றுகூடல் பேச்சு வந்த நாளிலிருந்து யாரும் பாட்டி பெயரை எடுப்பதில்லை. எல்லாரும் பந்தாட்டம், திருவிழா, படம் போட்ட திரை என்று நினைவுகளைக் கொட்டுகிறார்கள். மேட்டு லயம் மட்டும் அங்கே இருந்ததே இல்லை என்பது போல ஆகிவிட்டது.

இந்த உரையாடலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எரிந்துபோன ஊரைச் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள் என்றதும் படத்தைக் காட்டச் சொன்னார், நிறைய நேரம் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னது: வைக்கட்டும், ஆனால் சிவப்பும் மஞ்சளுமாக எரிகிற தீயை நான் மார்பில் போட்டுக்கொள்ள மாட்டேன். அந்த நிறத்தை அவர் நேரில் பார்த்தவர். எனக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

பாட்டி காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னால் எழுந்து பிள்ளைக் கொட்டகைக்குப் போய் அடுப்பு மூட்டுவார், பால் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப் போவார்கள். உங்களையும் அவர் தூக்கியிருப்பார். இதையும் ஒன்றுகூடலில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சுங்கை சிப்புட் தையல்கடை:

தங்கையே, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். என்னைத் தூக்கியிருப்பார் என்பதில் சந்தேகமே வேண்டாம், பிள்ளைக் கொட்டகைத் தொட்டிலில் வளர்ந்தவள் நான். ஒன்றுகூடலில் பாட்டியைப் பற்றி நானே பேசுகிறேன். அம்மா வருவதாக இருந்தால் முன் வரிசையில் இடம் வைக்கச் சொல்கிறேன். வர மனமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், சட்டையை நான் அனுப்பிவைக்கிறேன்.

உன் அம்மா சொன்ன சொல்தான் எனக்கு வழி காட்டியது. தீ சிவப்பாக இருக்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது? பலகை எழுதும் அண்ணன் சொன்ன வெட்டுக்கோட்டை எடுத்துக்கொண்டேன், தம்பெரெத் தம்பி சொன்ன விளிம்பு வேலையை அதில் சேர்த்தேன். நேற்றுக் கடையை அடைத்த பிறகு வரைந்து பார்த்து, துணித் துண்டில் தைத்தும் பார்த்துவிட்டேன். அதை இப்படிச் சொல்கிறேன்:

பச்சைக் கேடயம். அதில் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு வெள்ளைப் பட்டை. பட்டையின் கீழ் விளிம்பு நேர்க்கோடு, மேல் விளிம்பு தீநாக்குகள்.

பச்சை கித்தா இலைக்கு. வெள்ளை பாலுக்கு. பாலே எரிகிறது. அம்மா பார்க்கும்போது அதில் அந்த நிறம் இருக்காது, ஆனால் தெரிந்தவர்களுக்கு மேட்டு லயம் தெரியும். தீநாக்குகளை முதலில் நிறைய வைத்தேன், ரம்பப் பல்லைப் போலக் கூர் கூராக வந்தது. குறைத்துப் பெரிதாக்கி, நுனியை ஒரே பக்கம் வளைத்தபோது தீயாகத் தெரிகிறது. இரண்டே நூல்தான் என்பதால் எந்திரம் நிறுத்தி நிறுத்தி நூல் மாற்ற வேண்டாம், செலவும் குறையும்.

கோயிலும் பள்ளியும் பந்தும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றுகூடல் மண்டபத்தில் ஒரு நீளத் துணி கட்டி, அவரவர் வீட்டுப் பழைய படங்களைக் கொண்டுவந்து அதில் குத்தச் சொல்லலாம் என்று பேசியிருக்கிறோம். கோபுரம், பள்ளி, பந்துக் குழு எல்லாம் அங்கே முழு அளவில் நிற்கட்டும். தோட்டத்தின் பெயரைச் சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில், தமிழில் போடுகிறேன். வேறு மொழியிலும் வேண்டும் என்பவர்களுக்குச் சட்டைக் கையில் போட்டுத்தருகிறேன்.

தம்பி, ஃபின்லாந்து விதிப்படி இதில் ஏதாவது பிசகு இருக்கிறதா?

---

தம்பெரெவில் ஒரு பேராக்காரன்:

பிசகு இல்லை அக்கா. வெள்ளை என்பது வெள்ளி, அது பச்சை மேல் வருகிறது. உருவம் ஒன்றுதான், நிறம் இரண்டுதான். இங்கே இருக்கும் நல்ல கேடயங்களின் வரிசையில் வைக்கலாம்.

சின்னத்தைச் சொல்லில் விவரித்த அந்த வாசகத்தை மட்டும் பத்திரமாக எழுதி வையுங்கள். இங்கே படத்தைவிட அந்த வாசகம்தான் சின்னம். வெவ்வேறு ஓவியர்கள் வெவ்வேறு விதமாக வரையலாம், வாசகத்தில் சொன்னது மாறாமல் இருந்தால் எல்லாம் அதே சின்னம்தான். நாளைக்கு உங்கள் எந்திரம் மாறினாலும், வேறொருவர் கொடியில் வரைந்தாலும், அந்த மூன்று வரி போதும். ஆனால் கேடயக் கலையில் இடம் வலம் சொல்வது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் பக்கத்திலிருந்து. பார்க்கும் நமக்கு இடது என்றால் அவருக்கு வலது. ஆகவே 'பார்ப்பவரின் இடது மேலிருந்து' என்று சேர்த்துவிடுங்கள், குழப்பம் வராது. மரத்தின் முன்னால் நின்று வெட்டியவருக்கும் அதுதான் இடது.

ஒரு சட்டை எனக்கும் வேண்டும். நான் உங்கள் தோட்டத்து ஆள் இல்லை, ஆனாலும் என் பாட்டியும் பீடோர்ப் பக்கம் பால்மரம் வெட்டியவர். அனுப்பும் செலவோடு எவ்வளவு ரிங்கிட் என்று சொல்லுங்கள். லாஹ்தி இங்கிருந்து ரயிலில் போகிற தூரம்தான், உங்கள் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டாலும் போய் வாங்கிக்கொள்வேன்.